பிரேக் மாஸ்டர் ஞானத்தகப்பன் ஆன கதை

அந்தச் சபைக்கு ஒரு பழக்கம் உண்டு. ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து நின்று சொல்லலாம். பிள்ளை பரீட்சையில் தேறியது, மூட்டுவலி குறைந்தது, ஓடிப்போன நாய் தானாகவே வீடு திரும்பியது, எதுவானாலும் சரி. சொன்னவர் "ஸ்தோத்திரம்" என்று முடித்து வாயை மூடுவதற்குள் சபை மொத்தமும் "ஆமென்!" என்று கூரை அதிரக் குரல் கொடுக்கும். சொன்னது காதில் விழுந்ததோ இல்லையோ, ஆமென் மட்டும் தவறாது. பாதிப் பேர் கைப்பைக்குள் மிட்டாய் தேடிக்கொண்டே சொல்வார்கள்.

அந்தப் பழக்கம்தான் அன்றைக்கு அவர்களை வசமாக மாட்டிவிட்டது.

எழுந்து நின்றவர் பிரேக் மாஸ்டர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் வேறு. ஆனால் அந்தப் பேரைச் சொல்லி விசாரித்தால் அவருடைய தெருவிலேயே யாருக்கும் தெரியாது. கற்றுக்கொடுக்கும் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும் அல்லவா, அதை மிதிக்காமலே பாடம் நடத்துகிற மனிதர் என்று எப்படியோ இந்தப் பட்டம் வந்து ஒட்டிக்கொண்டது. வண்டி நடுரோட்டில் நின்று, பின்னால் வருகிறவனெல்லாம் ஹாரனை அலறவிட்டாலும் அவர் முகம் மாறாது. "நின்னா நின்னுட்டுப் போகுது. மறுபடி ஸ்டார்ட் பண்ணுங்க" என்பார். சபையில் கார் ஓட்டத் தெரிந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வியர்த்து வழிந்தவர்கள்தான். போதகரும் அதில் சேர்த்தி. ரிவர்ஸ் எடுக்கும்போது அவர் பண்ணிய ஜெபம் மாதிரி ஒரு ஜெபத்தைப் பிரசங்க பீடத்தில்கூட யாரும் கேட்டதில்லை.

அன்று மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "என்னோட துணைவர், இத்தனை வருஷமா என்கூட வாழ்றவர், ஆபரேஷன் முடிஞ்சு நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டார். அவரை எனக்குத் திருப்பிக் கொடுத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்!"

கூரை அதிர்ந்தது. அதற்குப் பிறகுதான் காதுகள் வேலை செய்ய ஆரம்பித்தன. துணைவரா? எந்தத் துணைவர்? அவர் வீட்டில் குடியிருக்கிற அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரா? தலைகள் திரும்பின. மிட்டாய் தேடிய கைகள் பைக்குள்ளேயே நின்றுவிட்டன. முன்வரிசையில் இருந்த சபை மூப்பரின் முகத்தில் ஈயாடவில்லை. இடது பக்க பெஞ்சில், காலங்காலமாகத் தான் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்த மாஸ்டரின் அம்மா பாட்டுப் புத்தகத்தைத் திறந்து முகத்தை மறைத்துக்கொண்டார். சொன்ன ஆமெனைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்ன?

மாஸ்டர் இதைத் திட்டம் போட்டுச் செய்தாரா என்று பிற்பாடு நிறையப் பேர் கேட்டார்கள். திட்டமுமில்லை, ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் அழுத அழுகை அவருக்கும் கர்த்தருக்கும் மட்டும்தான் தெரியும். உயிரே திரும்பி வந்திருக்கிறது, அதற்கு நன்றி சொல்ல வந்த இடத்தில் "நண்பர்" என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை. அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் அவர் சொல்லாமல் இருந்த காலம் கொஞ்சமா நஞ்சமா? மீசை முளைத்த வயதிலேயே தனக்கு ஆண்கள் மேல்தான் மனம் போகிறது என்று தெரிந்துவிட்டது. தன்பாலீர்ப்பு என்ற சொல்லெல்லாம் அப்போது அவருக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் பயம். உபவாசம் இருந்து பார்த்தார். முழங்காலில் நின்று "என்னை மாத்திடுங்க ஆண்டவரே" என்று கெஞ்சிப் பார்த்தார். பாடகர் குழுவில் சேர்ந்தார், வேதபாடம் வாசித்தார், சபைக்கு வெள்ளையடித்தார், எதுவும் மாறவில்லை. அம்மா கொண்டுவந்த பெண் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தட்டிக் கழித்தார். ஒரு நாள் காலையில், முதல் பாடத்துக்கு ஆள் வருமுன், நின்றிருந்த காருக்குள் உட்கார்ந்து வழக்கம்போல அதே ஜெபத்தைத் தொடங்கியபோது அவருக்கே சலித்துப்போயிற்று. இத்தனை காலம் கேட்டும் கொடுக்கவில்லை என்றால், ஆண்டவருக்கு என்னை மாற்றுகிற எண்ணமே இல்லையோ? இப்படியே என்னைப் பிடித்திருக்கிறதோ? நினைத்ததும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. அன்றைக்குக் கற்றுக்கொள்ள வந்த அம்மாள் தன்னுடைய ஓட்டத்தைப் பார்த்துத்தான் மாஸ்டர் அழுதிருக்கிறார் என்று நினைத்து அத்தோடு நின்றுவிட்டார்.

மூக்குக்கண்ணாடிக்காரர் வந்ததும் அந்தக் காரில்தான். கற்றுக்கொள்ள வந்தவர், முதல் நாளே ஸ்டியரிங்கை விட்டுவிட்டு மாஸ்டரின் முகத்தைப் பார்த்தார். "மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. உங்க கண்ணாடி பவரே சரியில்ல. அந்த போர்டைப் படிக்க இவ்வளவு கண்ணைச் சுருக்குறீங்க, என்னைக் காப்பாத்துவீங்கன்னு நான் எப்படி நம்புறது?" என்றார். மாஸ்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் கடைக்குப் போனார். புதுக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தபோது எதிரே நின்றவர் முகம் முதல்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது. தெரிந்தது மட்டுமா, பிடித்தும் போயிற்று. பிறகு கடைக்காரர் லைசென்ஸ் வாங்க எடுத்துக்கொண்ட காலத்தில் வேறு ஒருவர் விமானமே ஓட்டக் கற்றிருப்பார். வேண்டுமென்றேதான் இழுத்தடித்தார் என்று மாஸ்டருக்கு இன்றைக்கும் சந்தேகம்.

சாட்சி சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சபை இரண்டாகப் பிளந்தது. வாசலில் செருப்பு மாட்டும் நேரத்தில்கூட விவாதம். வேதத்தில் தெளிவாகப் பாவம் என்று இருக்கிறது என்று ஒரு கட்சி. அந்த வசனம் பேசுவது வேறு காலத்து வேறு அக்கிரமத்தை, ஒருவரையொருவர் நேசித்து உண்மையாக வாழ்கிறவர்களை அல்ல என்று ஒரு கட்சி. சபையின் வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்துக்கே இடமில்லாமல் வசனங்கள் குவிந்தன. அன்றைக்குச் சொன்ன ஆமென் செல்லாது என்று மூப்பர் ஒரு பெரிய குரல் பதிவே போட்டார். அதற்கு யாரோ, "அப்ப போன மாசம் உங்க மூட்டுவலிக்குச் சொன்னதும் செல்லாதா?" என்று கேட்டுவிட, குழுவைச் சில நாள் பூட்டி வைக்க வேண்டியதாயிற்று.

மாஸ்டரை வேதபாடம் வாசிக்க வேண்டாம் என்றார்கள். சரி என்றார். பாடகர் குழுவில் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதற்கும் சரி என்றார். ஆனால் ஞாயிறு தவறாமல் வந்தார், மூக்குக்கண்ணாடிக்காரரும் கூட வந்து வலது பக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். இந்த அவமானத்தோடு ஏன் போகிறாய், வேறு சபையா இல்லை என்று நண்பர்கள் கேட்டபோது மட்டும் மாஸ்டருக்குக் கோபம் வந்தது. "நான் ஞானஸ்நானம் எடுத்த இடம் அது. எங்கப்பாவை அடக்கம் பண்ண இடம். என் வீட்டை விட்டு நான் எதுக்குப் போகணும்?"

இப்படி இருக்கும்போதுதான் மாஸ்டரின் தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்தது. எத்தனையோ ஏமாற்றங்களுக்குப் பிறகு வந்த குழந்தை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே தங்கை சொல்லிவிட்டாள்: "இவளுக்கு நீதான் அண்ணா ஞானத்தகப்பன். வேற யாரும் கிடையாது."

குழந்தையைக் கையில் வாங்கிய மாஸ்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தனக்கென்று ஒரு பிள்ளையைத் தூக்குவோம் என்ற ஆசையை எப்போதோ மூட்டை கட்டி வைத்தவர் அவர். ஞானத்தகப்பன் என்றால் சும்மாவா? பிள்ளையைக் கையில் ஏந்தி, இவளை விசுவாசத்தில் வளர்ப்பேன் என்று கர்த்தருக்கு முன்னால் வாக்குக் கொடுக்கிறவன். அந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று வாழ்க்கையில் வேறு எதற்கும் ஆசைப்படாத அளவுக்கு ஆசைப்பட்டார்.

ஆனால் ஞானப்பெற்றோரைச் சபை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது விதி. வழக்கமாக அது பேருக்கு நடக்கும். இந்தத் தடவை மூப்பர் விதியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

மூப்பரை வில்லன் என்று நினைத்துவிட வேண்டாம். மாஸ்டரின் அப்பா இறந்தபோது பெட்டிக்குத் தோள் கொடுத்து, குழி மூடும்வரை மழையில் நின்றவர். தான் நம்புவதை உண்மையாகவே நம்புகிறவர். அதுதான் தொல்லையே. அவரும் போதகரும் ஒரு சாயங்காலம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார்கள். மூக்குக்கண்ணாடிக்காரர் டீ கொடுத்துவிட்டு சமையலறைக்குள் போய்விட்டார். போதகர் டீயையே பார்த்துக்கொண்டிருந்தார். மனதளவில் மாஸ்டர் பக்கம், வாயளவில் எந்தப் பக்கமும் இல்லை. பாவம், மென்று விழுங்கியே பழகிப்போனவர்.

மூப்பர்தான் பேசினார். "தம்பி, நானும் பிடிவாதக்காரன் இல்ல. கூட்டத்துல எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவர் சும்மா கூடக் குடியிருக்கிறவர், அன்னைக்கு உணர்ச்சிவசப்பட்டு ஏதோ சொல்லிட்டேன்னு. நானே முன்னால நின்னு உங்களை ஞானத்தகப்பனா முன்மொழியறேன். பிள்ளை உங்க கையில."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

மாஸ்டர் உடனே மறுக்கவில்லை. மறுத்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றும். ஆனால் குழந்தையின் எடை அவர் கையிலேயே இருந்தது. ஒரு வார்த்தைதானே என்று மனம் ஒரு பக்கம் இழுத்தது. "யோசிச்சுச் சொல்றேன் ஐயா" என்று அனுப்பி வைத்தார்.

மூக்குக்கண்ணாடிக்காரர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "சொல்லிடு. எனக்கு ஒண்ணும் இல்ல. நமக்குள்ள என்னன்னு நமக்குத் தெரியும்."

"உனக்கு ஒண்ணும் இல்லியா?"

"பிள்ளைதான் முக்கியம். நான் கடைசி பெஞ்சுல உட்கார்ந்து பாத்துக்கறேன்."

மாஸ்டருக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. "அந்தப் பிள்ளையைக் கையில வச்சுக்கிட்டு, உண்மையா நடப்பேன்னு கர்த்தர்கிட்ட வாக்குக் கொடுக்கணும். கொடுக்கிறதுக்கு முந்தின வாரம் உன்னை யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டு வந்து கொடுக்கணுமா? அதுக்கு இயேசுவையே தெரியாதுன்னு சொன்ன பேதுரு ஒருத்தரே போதும், நானும் வேறயா?" என்று கத்தினார். கத்தி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. இருவரும் ஆறிப்போன டீயைக் குடித்தார்கள்.

கூட்டத்தன்று சபை நிரம்பி வழிந்தது. வராதவர்களெல்லாம் வந்திருந்தார்கள். போதகர் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம் என்றார். மூப்பர் எழுந்தார். "கர்த்தருக்கு முன்னால மறைக்கிறதுக்கு என்ன இருக்கு? நம்ம பெரியவங்க வழக்கப்படி பக்கம் பிரியட்டும். ஒப்புக்கிறவங்க வலது பக்கம், ஒப்பாதவங்க இடது பக்கம்."

சாமர்த்தியமான யோசனை. அந்தச் சபையில் பெஞ்சு என்பது பரம்பரைச் சொத்து மாதிரி. இன்னார் இடம் இன்னாருடையது; அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த குஷன்கூட அங்கேயே கிடக்கும். தெரியாத்தனமாக யாராவது மாறி உட்கார்ந்தால் பார்க்கிற பார்வையிலேயே எழுந்து ஓடிவிடுவார்கள். பெரிய குடும்பங்களெல்லாம் இடது பக்கம்தான். எல்லார் கண்ணுக்கும் முன்னால் எழுந்து நடுவழியைத் தாண்டிப் போகிற துணிச்சல் எவருக்கு வரும் என்று மூப்பர் கணக்குப் போட்டிருந்தார்.

மாஸ்டரைப் பேசச் சொன்னார்கள். அவர் நீளமாக எதையும் பேசவில்லை.

"நான் கே. மறைச்சு மறைச்சு வாழ்ந்து பாத்தாச்சு, முடியல. கடைசி பெஞ்சுல இருக்கிறவர் என்கூடக் குடியிருக்கிறவர் இல்ல, என் துணை. கர்த்தர் எனக்குக் கொடுத்த நன்மைகள்ல பெரிய நன்மை அவர். அவரை இல்லன்னு சொன்னாத்தான் என் தங்கச்சி பிள்ளையைத் தூக்கலாம்னா, நான் தூக்கல. இப்படியே ஏத்துக்கிட்டீங்கன்னா, உயிர் இருக்கிற வரைக்கும் அவளுக்குத் தகப்பனா இருப்பேன். அவ்வளவுதான்."

வலது பக்கம் தங்கை குடும்பத்தோடு போய் உட்கார்ந்துவிட்டார். போதகர் பக்கம் பிரியச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. வலது பக்கத்தில் தங்கை குடும்பமும், கடைசி பெஞ்சில் மூக்குக்கண்ணாடிக்காரரும், சில இளம் தம்பதிகளும் மட்டும் அவரவர் இடத்தில் இருந்தார்கள். இடது பக்கம் சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது முன்வரிசையில் ஒரு சலசலப்பு. மூப்பரின் மனைவி எழுந்து நின்றார். மாஸ்டரிடம் வெகுகாலமாகக் கார் கற்றுக்கொள்கிறவர். டெஸ்டுக்குப் போகும்போதெல்லாம் தோற்று வருகிறவர். உனக்கெல்லாம் வராது, விட்டுத்தொலை என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது. சொல்லாத ஒரே ஆள் மாஸ்டர். அந்த அம்மாள் எழுந்தது மட்டுமல்ல, குனிந்து தன் குஷனையும் எடுத்து இடுக்கிக்கொண்டார்.

"எங்க போற?" என்றார் மூப்பர், குரலைத் தாழ்த்தி.

"வலது பக்கம்."

"உனக்கென்ன பைத்தியமா? உட்காரு."

"இன்டிகேட்டர் போட்டாச்சு. வழிவிடுங்க."

முதலில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. சபையே சிரித்தது, அந்தச் சிரிப்பில்தான் சுவர் உடைந்தது. அம்மாள் நிமிர்ந்த தலையோடு நடுவழியைத் தாண்டிப் போய் மாஸ்டர் பக்கத்தில் குஷனைப் போட்டு உட்கார்ந்தார். பின்னாலேயே மருந்துக்கடைக்காரர் எழுந்தார். "நாமதான் அன்னைக்கே ஆமென் சொல்லிட்டோமே, இப்ப என்ன புதுசா?" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். பாடகர் குழுவில் கட்டைக் குரலில் பாடுகிறவர்கள் கூட்டமாக எழுந்தார்கள். கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒருவர், தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர். நடுவழியில் நெரிசல். வலது பக்கம் இடம் போதாமல் சுவரோரம் நின்றார்கள். எண்ண வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. போதகர், முதல்முறையாக எதையும் மென்று விழுங்காமல், "சபை ஒப்புக்கொண்டது!" என்று உரக்கச் சொன்னார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

மாஸ்டர் அழுதார். வெட்கமே இல்லாமல், எல்லாரும் பார்க்க, சந்தோஷத்தில் அழுதார். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது பெரும்பாலும் காலியாகக் கிடந்த இடது பக்கத்தில், மூப்பரோடும் இன்னும் சில குடும்பங்களோடும், அம்மாவும் இருந்தார். தன் இடத்தில், மடியில் கைகோத்தபடி. அவர் எழுந்திருக்கவில்லை. அது மட்டும் மாஸ்டரின் தொண்டையில் முள்ளாக நின்றது.

சில குடும்பங்கள் அத்தோடு வேறு சபைக்குப் போய்விட்டன. மூப்பர் போகவில்லை. "என் எண்ணம் மாறல. ஆனா சபை சொன்னது சொன்னதுதான்" என்றார். வெட்டு ஒன்று துண்டு இரண்டு. ஞானஸ்நானத் தொட்டியில் தண்ணீர் நிரப்புவது மூப்பரின் வேலை. குழந்தையின் ஞானஸ்நான ஞாயிறன்றும் அவரே கெண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். மாஸ்டர் விரலை விட்டுப் பார்த்தார். இதமான வெந்நீர்.

"பிள்ளைக்குக் குளிரக் கூடாது பாருங்க" என்றார் மூப்பர், முகத்தைப் பார்க்காமல்.

தங்கை குழந்தையை மாஸ்டர் கையில் கொடுத்தாள். வெள்ளைக் கவுனுக்குள் குழந்தை கை காலை உதைத்து அழுது ஊரைக் கூட்டியது. ஞானத்தகப்பனின் குடும்பத்தார் அவர் பின்னால் வந்து நிற்பது முறை. தங்கை நின்றாள், அவள் கணவர் நின்றார். மூக்குக்கண்ணாடிக்காரர் எழுந்திருக்கவில்லை. கிடைத்ததே பெரிது, இன்னும் ஏன் ஊர் வாயில் விழ வேண்டும் என்று வீட்டிலேயே பிடிவாதமாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். மாஸ்டர் கெஞ்சியும் கேட்கவில்லை. கடைசி பெஞ்சில், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

போதகர் புத்தகத்தைத் திறந்தார். அதற்குள் இடது பக்கத்திலிருந்து மாஸ்டரின் அம்மா எழுந்தார்.

எல்லாரும் அவர் தொட்டிப் பக்கம் வருவார் என்று நினைத்தார்கள். அவர் வரவில்லை. நடுவழியைத் தாண்டி, எதிர்த் திசையில், பின்பக்கம் நடந்தார். கடைசி பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றார். இத்தனை வருஷத்தில் "அந்த ஆள்" என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தையால் அவரைக் குறிப்பிட்டதில்லை, நேரில் ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாத் தலைகளும் பின்பக்கம் திரும்பின. குழந்தைகூட அழுகையை நிறுத்தியது.

"மாப்பிள்ளை" என்றார் அம்மா. "குடும்பமெல்லாம் அங்க நிக்குது. நீங்க மட்டும் இங்க என்ன பண்றீங்க? எழுந்து வாங்க."

மூக்குக்கண்ணாடிக்காரர் எழுந்தார். எழுந்த வேகத்தில் முழங்கால் பெஞ்சில் இடித்தது. அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, சபை பார்க்கப் பார்க்க, நடுவழியின் நீளத்துக்கும் நடத்தி அழைத்து வந்தார். மகன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"அன்னைக்குக் கால் எழும்பலடா. பயந்துட்டேன்" என்று மகனின் காதருகே சொன்னார். "இப்ப வந்துட்டேன்ல, போதுமா?"

"போதும்மா" என்றார் மாஸ்டர்.

போதகர் கேட்டார்: "இந்தப் பிள்ளைக்காகக் கர்த்தருக்கு முன்பாக நிற்கிறவர்கள் யார்?"

மாஸ்டர் ஒரு பக்கம் திரும்பித் துணைவரைப் பார்த்தார், மறு பக்கம் திரும்பி அம்மாவைப் பார்த்தார். பிறகு குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெளியே தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கும்படி சொன்னார்.

"நாங்க நிக்கிறோம்."